முதல் கட்டைவிரல்

எங்கள் சலவைக்கூடத்தில் யார் எதைச் சொன்னாலும் கட்டைவிரல் போட வேண்டும். ஃபோன் குரூப்பில் வரும் செய்திகளைச் சொல்கிறேன். அது மேற்பார்வையாளர் கொண்டுவந்த சட்டம். "நீங்க பாத்தீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? மெசேஜ் வந்து பத்து நிமிஷத்துல கட்டைவிரல் விழணும். விழலேன்னா அன்னைக்கு லேட்டுன்னு போட்டுருவேன்" என்றார். அந்த மனுஷனுக்கு வாரத்துக்கு ஒரு புதுச் சட்டம் போடாவிட்டால் சோறு இறங்காது. டைம்டேபிள் என்றுதான் அவருக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

போட்டோம். வேறென்ன செய்வது? மூன்றாம் நம்பர் மெஷின் ரிப்பேர் என்று வந்தால் கட்டைவிரல். நாளைக்கு மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்று வந்தால் கட்டைவிரல். துணி மடிக்கிறவள் ஒருத்தி, தன் மாமியார் காலமாகிவிட்டார் என்று போட்டாள். அதற்குப் பதினோரு கட்டைவிரல் விழுந்தது. அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மாமியார் அப்படி. இன்னொருத்தர் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய படத்தை, மகனுடைய முதுகுச் சொறியை, கைதவறி குரூப்பில் போட்டுவிட்டார். அதற்கும் பத்துப் பேர் போட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால், எங்களோடு வேலை செய்த தாடி தன் கதையை முடித்துக்கொள்கிறேன் என்று எழுதியதற்கும் ஒன்பது கட்டைவிரல் விழுந்தது. முதலாவது என்னுடையது.

மற்ற எட்டுப் பேரும் படிக்கவில்லை என்றார்கள். நான் நம்புகிறேன். ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தால் அது ஏதோ ஆபீஸ் சமாசாரம் என்று நினைத்து அடுத்தடுத்து அமுக்குவதுதான் எங்கள் பழக்கம். ஆனால் நான் அதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

தாடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் எங்கள் கூடம் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவருக்குள் பதித்த மாதிரி ஐந்து பெரிய மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளை அங்கிருந்து உள்ளே போடுவார்கள். துவைத்து முடிந்ததும் இந்தப் பக்கம், சுத்தப் பக்கம், நாங்கள் கதவைத் திறந்து எடுப்போம். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் வரக்கூடாது. வந்தால் குளித்து, உடுப்பு மாற்றித்தான் வர வேண்டும். நாங்கள் அங்கே போனாலும் அப்படித்தான். இதை மட்டும் டைம்டேபிள் கண்டுபிடிக்கவில்லை, நியாயமான சட்டம்.

தாடி அழுக்குப் பக்கத்து ஆள். நான் சுத்தப் பக்கம். ஒன்பது வருஷம் ஒரே ஷிப்டுகளில் வேலை செய்தும் அவனை முழுசாகப் பார்த்த நாட்கள் குறைவு. மெஷின் காலியாக இருக்கும்போது இரண்டு கண்ணாடிக் கதவுக்கும் அப்பால் அவன் தாடி தெரியும், அவ்வளவுதான். நான் குள்ளம், கோபக்காரி. அதனால் எனக்குக் கடுகு என்று பெயர் வைத்தவனே அவன்தான். "கடுகு அக்கா, இன்னைக்குப் பொரியலையா?" என்று குரூப்பில் கேட்பான். நானும் "உன் தாடியில தீ வைக்கறேன் இரு" என்று எழுதுவேன். நல்ல பையன். முப்பத்தைந்து வயது ஆளைப் பையன் என்கிறேன், எனக்கு ஐம்பத்தொன்று.

போன வருஷம் அவன் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தப்பு யார் மேல் என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. அவன் தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து ஆள் சரியில்லை. கேலி நின்றது. அதற்குப் பதில் "முடியல", "எதுக்கு இருக்கணும்", "நான் போய்ட்டா யாருக்கு என்ன" என்று குரூப்பில் எழுத ஆரம்பித்தான். முதல் தடவை எழுதியபோது நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஃபோன் செய்தேன். ஒரு மணி நேரம் பேசினேன். "எல்லாம் சரியாய்டும்டா, பைத்தியம்" என்றேன். அவன் அழுதான். இரண்டாம் தடவையும் ஃபோன் செய்தேன். மூன்றாம் தடவை ஒரு வரி எழுதினேன். அதற்கப்புறம் எல்லோரையும் போலக் கட்டைவிரல்தான்.

சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவன் மேல் கடுப்பு ஏறிவிட்டது. அவன் வராத நாளெல்லாம் அழுக்குப் பக்கத்துக்கு யார் போக வேண்டும்? நான்தான். சுத்தப் பக்கத்தில் என் வேலையை முடித்து, ஷிப்டு முடிந்து, காலைத் தூக்கி வைக்க முடியாமல் நிற்கும்போது டைம்டேபிள் வருவார். "நீங்கதான் அங்க பழகினவங்க, ஒரு அரை ஷிப்டு பாத்துருங்களேன்" என்பார். கவுன், முகமூடி, இரண்டு ஜோடி கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். உள்ளே வேர்த்து ஊற்றும். முடித்ததும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அவன் அந்தச் செய்தியைப் போட்ட வாரத்தில் மட்டும் இரண்டு நாள் அப்படி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணி. என் ஷிப்டு முடிந்தது. தாடியின் ஷிப்டு தொடங்க வேண்டும், அவனைக் காணோம். நான் மடிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் போயிருந்தது. இரண்டு பத்துக்கு ஃபோன் அதிர்ந்தது. தாடிதான்.

"போதும். இனிமே நான் எந்த ஷிப்டுக்கும் வரமாட்டேன். இன்னையோட முடிச்சுக்கறேன். எல்லாரும் நல்லா இருங்க. கடுகு அக்காவுக்கு ரொம்ப கஷ்டம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க."

என் பெயர் அதில் இருந்தது. படிக்காமல் இருக்க வழியே இல்லை. இன்னொரு தடவை படித்தேன். இது மற்ற நாளைப் போல் இல்லை என்று தெரிந்தது. புலம்பல் எதுவும் இல்லை, சுருக்கமாக விடைபெறுகிற மாதிரி இருந்தது. அவன் நிஜமாகத்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் என் மனதுக்குள் ஒரு குரல், என் குரல்தான், 'சரி, போய்த் தொலை, எங்களையாவது விடு' என்றது. கட்டைவிரலை அமுக்கினேன். ஃபோனைப் பைக்குள் போட்டேன். கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு அவன் மெஷினுக்குத் துணி போடப் போனேன்.

அவன் அந்த ஒன்பது கட்டைவிரலையும் இரண்டு முப்பத்தொன்றுக்குப் பார்த்திருக்கிறான். போலீஸ்காரர்கள் அவன் ஃபோனை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நாலு மணிக்கு அவன் அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டவர்களிடம், தெரிந்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று சண்டைக்கே போயிருக்கிறேன்.

அவனுடைய அக்கா புகார் கொடுத்தாள். தற்கொலைக்குத் தூண்டினார்கள் என்று, எங்கள் ஒன்பது பேர் மேலும், சட்டம் போட்ட டைம்டேபிள் மேலும். எங்கள் ஃபோன்களை வாங்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனை ஒரு வக்கீலை அனுப்பியது. சாப்பாட்டு அறையில் எங்களை உட்காரவைத்து அவர் நிதானமாக, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, விளக்கினார்.

"தூண்டினாங்கன்னு நிரூபிக்கணும்னா, தெரிஞ்சே செஞ்சிருக்கணும். என்ன எழுதியிருக்குன்னே தெரியாதவங்க எப்படித் தூண்ட முடியும்? ஒன்பது பேரும் ஒரே வார்த்தைதான் சொல்லணும். பழக்கத்துல போட்டேன், படிக்கல. அவ்வளவுதான். கேஸ் நிக்காது. ஆனா ஒருத்தர் படிச்சேன்னு சொன்னா போதும், மத்த எட்டுப் பேரும் படிச்சிருப்பாங்கன்னுதான் எடுத்துக்குவாங்க."

"யாரு முதல்ல போட்டாங்கன்னு தெரியுமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதெல்லாம் அவங்களால சொல்ல முடியாது. யார் யார் போட்டாங்கன்னுதான் தெரியும்."

நான் தேநீர்க் குவளையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், கல்யாணமாகி மூன்று மாதம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டியதில்லையே?" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"போக வேணாம்டி" என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டு போய், இப்போது பலகைக் கட்டிலில் படுத்தபடி ரேடியோ கேட்கிறார். ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பிரேக் போட்டும் மோதறது ஒண்ணு. பிரேக்கே போடாம மோதறது ஒண்ணு. நீ எது?"

"போடல."

"அப்ப உனக்கு நான் என்ன சொல்ல? ஆனா வெளிய சொல்லாதே. உன்னை உள்ள வெச்சுட்டா என்னை யாரு திருப்பிப் படுக்க வெப்பா?" என்றார். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கேட்டது நியாயம், அதனால்தான் அத்தனை கோபம். பாத்திரத்தை டமால் டமால் என்று போட்டுக் கழுவினேன்.

அதற்கு மறுநாள் அவனுடைய அக்கா என்னைத் தேடி வந்தாள். மருத்துவமனை வாசலில், பஸ் நிறுத்தத்தில். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்க்கிறவள், நாற்பத்தைந்து இருக்கும். கையில் ஒரு தாள், அதில் எங்கள் ஒன்பது பேரின் பெயர். தம்பியின் மூக்கு அவளுக்கும் இருந்தது. அடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"அக்கா, உங்ககிட்ட சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படிச்சீங்களா?"

வக்கீல் ஊட்டியது வாயிலிருந்து தானாக வந்தது. "படிக்கலம்மா. பழக்கத்துல போட்டுட்டேன்."

தாளில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டாள். "ஒன்பது பேரும் இதையேதான் சொல்றீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "உங்க பேர் போட்டு எழுதியிருந்தான். அதான் நீங்களாவது படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். யாருமே படிக்கலையா? அத்தனையும் உக்காந்து எழுதினானே."

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அவள் அங்கேயே நின்றாள். அன்றிலிருந்து வாக்குமூலம் கொடுத்த நாள் வரைக்கும், பத்து நாள், நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. செத்தவனைக் கைவிட்டது ஒரு பாவம். அவன் கடைசியாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று அவன் அக்காவை நம்பவைத்தது இன்னொரு பாவம். இரண்டாவதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் எட்டுப் பேர் தலையில் இடி விழும். அந்தப் புதுப் பெண்ணின் ஜில்லென்ற கை ஞாபகம் வரும். சொல்வதா வேண்டாமா என்று நினைத்து நினைத்து, மூளை துவைத்துப் பிழிந்த துணியாகிவிட்டது.

போலீஸ் விசாரணை அலுவலகத்தில் வாக்குமூலம் எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி. சளி பிடித்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டு விரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நான் உட்காரும்போதே எனக்கானது தயாராக இருந்தது. எட்டுப் பேர் சொன்னதையே பெயர் மாற்றி வைத்திருந்தார்.

"பழக்கத்துல போட்டேன், படிக்கல. இதானேம்மா? பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். அதன் வழியே வெளியே நடைபாதைப் பெஞ்சில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் பையை வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"இல்லம்மா. நான் படிச்சேன்" என்றேன்.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "என்னது?"

"படிச்சேன். ரெண்டு தடவை."

"வெளிய உங்க வக்கீல் இருக்காரு. ஒரு வார்த்தை பேசிட்டு வர்றீங்களா?"

"வேணாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அலுப்புதான் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வேலை வைக்கிறவளை யார்தான் வேறெப்படிப் பார்ப்பார்கள்? பழைய தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்.

"படிச்சு என்ன புரிஞ்சுது?"

"சாகப் போறான்னு புரிஞ்சுது."

"வழக்கம்போலச் சும்மா சொல்றாருன்னு நினைச்சிருக்கலாம் இல்லையா?" தப்பிக்க வழி காட்டுகிறார் என்று தெரிந்தது. நல்ல மனுஷி.

"அப்படி நினைக்கலம்மா. அதுக்கு முன்னாடியெல்லாம் அப்படி நினைச்சேன். அன்னைக்கு நினைக்கல."

"அவர் சாகணும்னு ஆசைப்பட்டீங்களா?"

வாய் உடனே இல்லை என்று சொல்லப் பார்த்தது. அடக்கினேன். "ஆசையெல்லாம் இல்ல. ஆனா அந்த நிமிஷம், அவன் இருந்தா என்ன, போனா என்னன்னு இருந்துது. அவன் ஷிப்டை நான் பாக்காம இருந்தா போதும்னு இருந்துது. எனக்கு அவ்வளவு அசதி. சரி போன்னு மனசுல சொல்லிட்டுத்தான் அமுக்கினேன். முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னாடி அதுல ஒண்ணும் இல்ல."

அவர் விரல்கள் நின்று நின்று போயின. முடித்ததும் நான் கேட்டேன், "இது தூண்டினதா ஆகுமாம்மா?"

"தெரியல. நான் எழுதி மேல அனுப்புவேன். அவங்க சொல்லுவாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் நினைக்கறதையெல்லாம் இதுல எழுத முடியாதும்மா" என்றார். அடுத்து, "மத்தவங்களும் படிச்சாங்களா?" என்றார்.

"எனக்கு என்னைத்தான் தெரியும். அவங்க படிச்சிருக்க மாட்டாங்க. நான் போட்டதைப் பாத்துப் போட்டிருப்பாங்க. அதையும் எழுதிக்கங்க." அதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களை யாரும்மா அரிச்சந்திரனாகச் சொன்னது?" என்று பற்களைக் கடித்தார். டைம்டேபிள் தலையில் கைவைத்தார். மாமியாரைப் பறிகொடுத்தவள், "பெரிய உத்தமி, எங்க வாயிலயும் மண்ணைப் போட்டாச்சு" என்று என் காதில் விழும்படி சொன்னாள். அந்தப் புதுப் பெண் என்னைப் பார்க்காமல் வேகமாகப் போனாள். எல்லோரும் போனார்கள். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"உன்கிட்டப் பொய் சொன்னேன். நான் படிச்சேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். "படிச்சிட்டு என்ன நினைச்சீங்க?"

"போய்த் தொலைன்னு நினைச்சேன்."

இதைச் சொன்னதும் அவள் என்னை அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ஏதோ விலாசம் சரியாக இருக்கிறது என்பது போல.

"அன்னைக்குக் காலைல சாப்பிடாம உக்காந்திருந்தான்" என்றாள். "எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. எதுக்குக்கா இருக்கணும்னு ஆரம்பிச்சான். தினமும் இதே பாட்டு. சாகறேன் சாகறேன்னு ஏன் என் உயிரை வாங்கறே, செத்துத் தொலையேன், நானாவது நிம்மதியா இருப்பேன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போய்ட்டேன். நீங்க மனசுலதான் சொன்னீங்க. நான் வாய் விட்டே சொன்னேன்."

அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லல. புகார்லயும் எழுதல. உங்க ஒன்பது பேர் மேலயும் எழுதிக் குடுத்தேன். அதுல ஒருத்தராவது தெரிஞ்சு செஞ்சிருந்தா, நான் சொன்னதுக்காக அவன் போகலேன்னு ஆகும்ல? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை நாள் அலைஞ்சேன்."

உள்ளதைச் சொல்கிறேன், என் வயிறு எரிந்தது. அடிப்பாவி, இவள் சொன்னது இவளுக்கே தெரிந்திருந்தும் எங்களை நாய் மாதிரி அலையவிட்டாளே! கூடவே, சீ, வெட்கமாக இருக்கிறது சொல்ல, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இவள் உள்ளே போய் இதைச் சொன்னால் என் தலைச்சுமை பாதி இறங்கும். சொல்லச் சொல்லலாமா என்றுகூட நாக்கு நுனி வரை வந்தது.

"இப்ப தெரிஞ்சுதா? ஆறுதலா இருக்கா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"இல்ல" என்றாள். "அப்படியேதான் இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் எழுந்தேன். பேச்சுக்குக் கேட்டேன், "நீ எந்தப் பக்கம் போகணும்?"

"எந்தப் பக்கமும் இல்ல."

"வீட்டுக்குப் போகலையா?"

"சாவியை ஹவுஸ் ஓனர்கிட்டக் குடுத்துட்டேன். வேலையையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இதைக் கேக்கறதுக்குத்தான் இருந்தேன் அக்கா. கேட்டாச்சு. நீங்க போங்க, உங்களுக்கு நேரமாச்சு."

ரொம்ப அமைதியாகச் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது பயமோ இரக்கமோ இல்லை. எரிச்சல். கடவுளே, இன்னொன்றா! என் கால் வலிக்கிறது, காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, வீட்டில் ஒரு மனுஷனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், எட்டுப் பேர் சாபம் முதுகில் இருக்கிறது. அன்று எனக்கு யாரையும் தாங்கும் தெம்பு இல்லை. அவளுக்குத் தலையாட்டிவிட்டு நடந்திருந்தால் எந்த அதிகாரியும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

மறுபடியும் உட்கார்ந்தேன்.

"இந்தா, என்னைப் பாரு. நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. சாகப் போறியா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை போலும்.

"தெரியல" என்றாள்.

"தெரியலேன்னா என்கூட வா. எங்க வீடு ரெண்டு ரூம்தான். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அவர் பாட்டுக்கு ரேடியோ கேப்பாரு. நீ ஒரு மூலையில படு. நாளைக்குக் காலைல எங்க ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்கலாம், நான் கூடவே இருக்கேன். அப்புறம் உள்ள போய்ச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

"உங்க மேல கேஸ் குடுத்திருக்கேன் நான்."

"குடுத்தா என்ன? அது பாட்டுக்கு நடக்கட்டும். நீ இப்ப எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் அசதிக்கு இழுத்து நிறுத்தவெல்லாம் முடியாது, சும்மா பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பஸ் போனது. அதற்கடுத்த பஸ்ஸும் போனது. அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளி எங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அண்ணா" என்றேன்.